சவரக் கத்தியின் கூர் முதல் கல்லிலேயே பிறக்கிறது

மடக்குச் சவரக் கத்தியைத் தாமே தீட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, கடைசியாகப் பயன்படுத்த வேண்டிய கல்லைப் பற்றித்தான். பெல்ஜியத்தின் மஞ்சள் நிற இயற்கைக் கல்லான கோட்டிக்யூல் வாங்கலாமா, கியோட்டோவைச் சுற்றியுள்ள மலைகளில் வெட்டியெடுத்த ஜப்பானியக் கல்லைத் தேடிப் பிடிக்கலாமா, தொழிற்சாலையில் செய்த 12000 எண் கல்லே போதுமா என்ற கேள்விகளோடுதான் என்னிடமும் பலர் வருகிறார்கள். அந்த ஆர்வம் எனக்குப் புரிகிறது. இயற்கைக் கற்களுக்கென்று ஓர் அழகு உண்டு. அவற்றைக் கையில் எடுக்கும்போது அந்த மயக்கம் எனக்கும் வருகிறது. ஆனாலும் என் உறுதியான கருத்து வேறு. ஒரு கத்தி முகத்தில் எரிச்சல் இல்லாமல் ஓடுமா, ஓடாதா என்பது முதலில் எடுக்கும் சொரசொரப்பான 1000 எண் கல்லின் மேலேயே தீர்மானமாகிவிடுகிறது. பின்னால் வரும் விலையுயர்ந்த கற்கள் அங்கே உருவான கூரை நுண்மையாக்கும். அங்கே உருவாகாத கூரை அவற்றால் உண்டாக்க முடியாது.

ஏன் அப்படி என்பதற்குச் சவரக் கத்தியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது அதை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பது நம் கையின் பொறுப்பு. சவரக் கத்தியில் அந்தப் பொறுப்பைக் கத்தியைச் செய்தவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி கத்தியைக் கிடத்தித் தள்ளினால் போதும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தை நிர்ணயித்துவிடுகின்றன. முதுகு 5.3 மில்லிமீட்டர் தடிப்பும், முதுகிலிருந்து வாய் வரை 19 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கத்தியில் இரு பக்கச் சரிவுகளும் கூடும் கோணம் ஏறக்குறைய 16 பாகை. தீட்டும்போது வாயோடு முதுகும் சிறிது சிறிதாகத் தேய்வதால், பல்லாண்டு கழித்தும் இந்தக் கோணம் பெரிதாக மாறுவதில்லை. வாயை ஒட்டி இரு புறமும் மெல்லிய கோடு போலத் தெரியும் பளபளப்பான பட்டையைப் பெவல் என்பார்கள். அந்த இரண்டு பட்டைகளும் அடியிலிருந்து நுனி வரை ஓரிடம் விடாமல் ஒன்றையொன்று சந்தித்தால் கூர் இருக்கிறது. சந்திக்காத இடத்தில், அது ஒரு நெல்லளவு நீளமே ஆனாலும், கூர் இல்லை.

இந்தக் காரணத்தால்தான் தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மணையையும் கத்தரிக்கோலையும் நம்பிக் கொடுக்கலாம், சவரக் கத்தியைக் கொடுக்கக் கூடாது என்கிறேன். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சுழலும் சக்கரம் வாயை மட்டுமே தொடும், முதுகைத் தொடாது. ஆகவே கத்தியோடு பிறந்த கோணம் முதல் சுற்றிலேயே போய்விடும். அதோடு, சவரக் கத்தியின் வாய் அத்தனை மெல்லியதாக இருப்பதால் சக்கரத்தின் உராய்வில் கணநேரத்தில் சூடேறி, எஃகின் பதம் இறங்கிவிடும். பதம் இறங்கிய வாய் எந்தக் கல்லில் தீட்டினாலும் கூரைத் தாங்கி நிற்காது.

இங்கே விவரிப்பதற்கு நான் எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரில் செய்த ஒரு பழைய கத்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், பிரான்ஸின் தியேர், ஜெர்மனியின் ஸோலிங்கன் ஆகிய மூன்றும் ஐரோப்பாவில் இந்தத் தொழிலுக்குப் பெயர்போன ஊர்கள். ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மூசையில் உருக்கிச் சீராக்கும் முறையைக் கொண்டுவந்தது அந்த ஊரின் கத்திகளுக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. ஷெஃபீல்டின் பழைய கத்திகள் ஆப்பு வடிவில் தடித்திருக்கும். ஸோலிங்கன்காரர்களின் கைவண்ணம் அலகின் இரு பக்கத்தையும் குழிவாக அரைத்து, வாயை நோக்கித் தாள் போல மெலிய வைத்ததில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை யார் கத்தியில் பொறிக்கலாம் என்பதற்கு 1938இல் ஜெர்மனியில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். குழிவாக அரைத்த அலகை நகத்தின் மேல் மெல்லச் சாய்த்து அழுத்தினால் வாய் வளைந்து கொடுப்பது கண்ணுக்கே தெரியும். இந்த வளைவைத் தீட்டுபவர் ஒருபோதும் மறக்கக் கூடாது.

பழைய கத்தி என்றால் கல்லை எடுக்கும் முன்பே நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட வேண்டும். அலகின் நடுவில் இருக்கும் துருக்கறை பார்வைக்குத்தான் குறை. வாயை ஒட்டி இருக்கும் கரும்புள்ளி உண்மையான குறை. அந்தப் புள்ளிகள் எஃகுக்குள் குழிபறித்துச் சென்றிருக்கும், தீட்டிக்கொண்டு போகையில் அந்தக் குழி வாய்க்கு வந்ததும் அங்கே பல் உடைந்தது போலப் பொரிந்துவிடும். வாய் நேராக இருக்கிறதா, சிரிப்பது போல வெளிப்புறம் வளைந்திருக்கிறதா, உட்புறம் குழிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெளி வளைவு பல கத்திகளில் செய்யும்போதே அமைவது, அதனால் தீங்கில்லை. உட்குழிவு அப்படியல்ல, பல ஆண்டுகள் நடுப்பகுதியில் அழுத்தித் தீட்டியதன் விளைவு அது. அத்தகைய கத்தியைக் கல்லில் கிடத்தினால் இரு ஓரங்களும் படியும், நடுப்பகுதி கல்லைத் தொடவே தொடாது.

கல்லும் சமமாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய கல்கூட சமமாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. பென்சிலால் கல்லின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, வைரத்தூள் பதித்த தகட்டில் தண்ணீர் விட்டு, கோடுகள் எல்லாம் ஒருசேர மறையும் வரை தேய்க்க வேண்டியதுதான். கல்லின் ஓர மூலைகளையும் இலேசாக மழுக்கிவிடுவது நல்லது.

இனி முதல் கல். கல்லின் எண் கூடக் கூட அதன் துகள் சிறியதாகும். பலரும் பயன்படுத்தும் நார்ட்டன் கற்களில் 1000 எண்ணுக்குத் துகள் அளவு சுமார் 14 மைக்ரான், 4000 எண்ணுக்குச் சுமார் 6, 8000 எண்ணுக்குச் சுமார் 3. எஃகை உண்மையிலேயே அரித்து எடுக்கும் வலிமை முதல் கல்லுக்கு மட்டுமே உண்டு. கத்தியைக் கிடத்தி, வாய் முன்னே செல்லும்படி தள்ள வேண்டும். கல்லின் மறுமுனையை அடைந்ததும் வாயைத் தூக்கி, முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கத்தை நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அலகின் நீளத்துக்கு ஈடான அகலம் பல கற்களுக்கு இல்லாததால், அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுத்துச் செல்கிறோம். இரு பக்கத்து வீச்சும் சேர்ந்தால் பெருக்கல் குறி போல அமையும்.

தொடங்கும் முன் இரு பக்கப் பட்டைகளிலும் மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொள்வது என் வழக்கம், யாருக்கும் அதையே பரிந்துரைப்பேன். இரண்டு மூன்று வீச்சுக்குப் பிறகு துடைத்துப் பார்த்தால், கல் எங்கே தொட்டிருக்கிறது, எங்கே தொடவில்லை என்பது எழுதிவைத்தது போலத் தெரியும். அடிப்பகுதியில் மை அப்படியே இருந்தால், பெரும்பாலும் காரணம் அங்கே பிடிக்கு அருகில் இருக்கும் தடித்த மேடு. அது கல்லின் மேல் ஏறிக்கொண்டு வாயைத் தூக்கிவிடுகிறது. அப்போது அடிப்பகுதி முன்னே செல்லும்படி கத்தியைச் சற்றுத் திருப்பி, மேட்டைக் கல்லுக்கு வெளியே நிறுத்தித் தள்ள வேண்டும். பட்டையின் மேற்பகுதியில் மை அழிந்து, வாயின் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாக மிஞ்சியிருந்தால், கல் இன்னும் வாயை எட்டவில்லை என்று பொருள். அந்தக் கோடு போகும் வரை அடுத்த கல்லை நினைக்கவே கூடாது.

முதுகில் மின்கம்பிக்குச் சுற்றும் டேப் ஒட்டித் தீட்டலாமா என்பது இத்துறையில் ஓயாத வாதம். அந்த டேப்பின் தடிப்பு சுமார் 0.15 மில்லிமீட்டர், நான் மேலே சொன்ன அளவுள்ள கத்தியில் அது கோணத்தை ஏறக்குறைய 1 பாகை கூட்டும். முதுகில் பொன்முலாமோ வேலைப்பாடோ இருக்கும் கத்திக்கு டேப் ஒட்டுவதே நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் முதல் கல்லில் ஒட்டினால் கடைசிக் கல் வரை ஒட்டியே ஆக வேண்டும். நடுவில் எடுத்துவிட்டால் கோணம் மாறி, அடுத்த கல் வாயை எட்டாமல் பட்டையின் முதுகுப் பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

1000 எண் கல்லின் மேல் வேலை நடக்கும்போது தண்ணீர் பேசுவதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் கத்தி நகரும்போது தண்ணீர் வாய்க்கு முன்னே ஒரு சிறு அலையாக ஒதுங்கி, அலகின் அடியில் புகுந்து கடந்துவிடும். எஃகுத் துகள் கலந்து தண்ணீர் மெல்லக் கருக்கும். பட்டைகள் சந்திக்கத் தொடங்கும் இடத்தில் அந்த அலை அடியில் புகாமல் வாயின் மேலேறி அலகின் முகத்தில் படரும். வாய் தண்ணீரைக் கல்லிலிருந்து உரித்தெடுப்பது போல இருக்கும். முதலில் நடுவில் இரண்டு விரற்கடை நீளத்துக்குத்தான் அப்படி ஏறும். வீச்சு தொடரத் தொடர அந்த நீளம் இரு பக்கமும் வளர்ந்து, அடியிலும் நுனியிலும் ஒரே சீராக ஏறும் நிலை வரும். அங்கேதான் நிறுத்த வேண்டும். எத்தனை வீச்சு என்று கேட்டால் எண் சொல்ல முடியாது. ஒரு கத்திக்கு முப்பதில் வருவது இன்னொரு கத்திக்கு முந்நூறிலும் வராது.

சோதனைகளும் உண்டு. விளக்கின் கீழ் வாயை நேரே கண்ணை நோக்கி நிறுத்தி, மெல்லச் சாய்த்துப் பார்த்தால், பட்டைகள் சந்திக்காத இடத்தில் வெள்ளைக் கீற்று மின்னும். சந்தித்த இடத்தில் எதுவும் தெரியாது. வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்கு அங்கே பரப்பே இல்லை. ஈரமான கட்டைவிரல் நகத்தின் மேல் கத்தியின் எடையை மட்டும் வைத்து இழுத்தால், கூருள்ள வாய் ஒரே சீராகக் கவ்விச் செல்லும், மழுங்கிய இடம் வழுக்கும், பொரிந்த இடம் தடுக்கும். முன்கையின் ரோமத்தை அலகின் எந்தப் பகுதியாலும் தோலை ஒட்டிச் சிரைக்க முடிய வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறாத கத்தியை 4000 எண் கல்லுக்குக் கொண்டுபோவது, பூச்சு வேலை முடியாத சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு ஒப்பாகும்.

நடுக் கற்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. 4000 எண் கல் முதல் கல் விட்டுச்சென்ற கீறல்களை அழித்துத் தன் சிறிய கீறல்களைப் போடுகிறது. 8000 எண் கல் அதையும் அழித்து இன்னும் சிறியவற்றைப் போடுகிறது. பட்டை மங்கலான சாம்பல் நிறத்திலிருந்து கண்ணாடிப் பளபளப்புக்கு வரும். இங்கே கவனம் வேண்டியது அழுத்தத்தில்தான். முதல் கல்லில் விரலின் சிறு பாரத்தை அனுமதிக்கலாம். 8000க்கு வந்தபின் கத்தியின் எடைக்கு மேல் ஒரு துளி பாரமும் கூடாது, ஏனென்றால் அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து, வாய் கல்லை விட்டு எழும்பிவிடும். உழைப்பெல்லாம் வாய்க்குப் பின்னால் இருக்கும் எஃகின் மேல் வீணாகும். சிறிய அழுத்தக் குறைப்பினால் வரும் மாற்றம், கல்லை மாற்றுவதால் வரும் மாற்றத்தைவிடப் பெரிது என்பதை எத்தனையோ கத்திகளில் பார்த்திருக்கிறேன்.

இப்போது கடைசிக் கல். கோட்டிக்யூல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீயல்சால்ம் என்னும் ஊரைச் சுற்றிக் கிடைப்பது. சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளுக்கு இடையே, சில சென்டிமீட்டர் தடிப்பே உள்ள வெளிர்மஞ்சள் அடுக்காக அது ஓடுகிறது. மெல்லியதாக இருப்பதால் கரும்பலகைக் கல்லின் மேல் ஒட்டி விற்கிறார்கள். அதை அரிக்கும் பொருளாக்குவது அதனுள் நெருக்கமாகப் பதிந்திருக்கும் நுண்ணிய கார்னெட் படிகங்கள். அவை நுண்ணிய தொழிற்சாலைக் கல்லின் துகள்களைவிடப் பெரியவை என்றாலும் பன்னிரண்டு முகம் கொண்டு ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால் ஆழமாகக் கீறுவதில்லை. அதே கல்லின் சிறு துண்டை மேலே தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் போன்ற குழம்பு வரும். அந்தக் குழம்பில் கல் வேகமாக அரிக்கும். அவ்வப்போது விரல்நுனியால் ஒரு சொட்டு, இரு சொட்டுத் தண்ணீர் சேர்த்துக் குழம்பை நீர்க்கச் செய்துகொண்டே போனால் அரிப்பு குறைந்து மெருகு கூடும். முடிவில் தெளிந்த தண்ணீர் மட்டுமே இருக்க, கத்தி கல்லில் இலேசாக ஒட்டிக்கொள்வது போன்ற ஒரு பிடிப்புக் கையில் தெரியும். ஒரே கல் பல எண்களின் வேலையைச் செய்வது இப்படித்தான்.

12000 எண் செயற்கைக் கல்லில் முடித்த வாய் கூடுதல் கூராகவும், கோட்டிக்யூலில் முடித்த வாய் கூடுதல் இதமாகவும் இருப்பதாக என் முகம் சொல்கிறது. என் தோலுக்கு இரண்டாவதையே விரும்புகிறேன். அடர்ந்த முரட்டுத் தாடி உள்ளவர் முதலாவதையே விரும்பக்கூடும். இரண்டிலும் குறை காண முடியாது; இரண்டுமே நன்றாகத் தயாரான கத்தியில்தான் தம் குணத்தைக் காட்டும்.

இந்தக் கட்டத்தில் அளவுக்கு மீறித் தீட்டுவதும் கெடுதல். எஃகு தாங்கும் அளவுக்கு மேல் வாய் மெலிந்துவிட்டால், அதன் விளிம்பில் இழை போன்ற ஒரு படலம் உருவாகும். ரோமச் சோதனையில் அது வியக்கத்தக்கக் கூராகத் தெரியும். முகத்தில் வைத்தால் இரண்டாம் இழுப்பிலேயே உதிர்ந்து சுரண்டும். அப்படி ஆனால், வாய் பின்னால் வரும்படி சில வீச்சு மெல்ல இழுத்து அந்த இழையை உதிர்த்துவிட்டு, மறுபடி வழக்கமான சில வீச்சுகளால் வாயை மீட்க வேண்டும்.

கல் வேலைக்குப் பின் 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு தடவிய தோலிலோ துணியிலோ சில இழுப்பு இழுப்பதும் பலரின் வழக்கம். பச்சை நிறமான அந்தப் பசை மிச்சமிருக்கும் சொரசொரப்பைத் தணிக்கும். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு மேல் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தோல் அமுங்கி எழுவதால், அதிகம் இழுத்தால் வாய் உருண்டுவிடும்.

கடைசியாகக் கத்தியை இழுத்து வாயைச் சீராக்கும் தோல்வார், பசையில்லாத வெறும் தோல். அதன் பின்புறத்தில் கெட்டியான லினன் துணி இருக்கும். துணியில் இருபது முப்பது, பிறகு தோலில் ஐம்பது அறுபது என்பது பொதுவான கணக்கு. கல்லுக்கு நேர்மாறாக இங்கே முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். முனையில் திருப்பும்போது முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே புரட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கம் கையில் படியாதவரை வேகம் கூடாது. வாரை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். தொய்ந்த வாரில் வாய் திரும்பும் இடத்தில் தோல் எழும்பி, கல்லில் நேராக்கிய கோணத்தை வளைத்துவிடும். சரியாக இழுக்கும்போது தோல் கத்தியை மெல்லப் பற்றி விடுவது போன்ற இழுவை இருக்கும், ஓசை முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்பு வரை ஒன்றுபோல இருக்கும். நம் ஊர் முடிதிருத்துவோர் உள்ளங்கையிலேயே கத்தியைப் புரட்டிப் புரட்டி இழுத்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். இப்போது பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கத்தி எல்லாக் கடைகளுக்கும் வந்துவிட்டது. நோய்த்தொற்றைத் தவிர்க்க அதுவே சரி. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தின் நேர்த்தியை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான ரோமம் எப்படி எஃகை மழுக்குகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2020இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது இன்றைய பிளேடுகளை. வாய் சீராகத் தேய்ந்து உருள்வதைவிட, ரோமம் வளைந்து பக்கவாட்டில் தள்ளும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்வதே அங்கே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். மடக்குக் கத்தியின் எஃகு வேறு, கோணம் வேறு என்றாலும், வாயில் கீறலும் குழியும் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்கும், சவரத்துக்கு முன் தாடியை வெந்நீரில் நன்றாக ஊறவைக்க வேண்டும் என்பதற்கும் அதில் போதிய காரணம் காண்கிறேன்.

சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, அலகை மட்டுமல்லாமல் பிடிகளுக்கு நடுவிலும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். கடற்கரை ஊர்களின் காற்றில் கரிம எஃகு ஓர் இரவிலேயே துருப்புள்ளி காட்டும். தையல் இயந்திர எண்ணெயை இலேசாகத் தடவினால் போதும். தோல்வாரில் இழுத்தும் கத்தி ரோமத்தை இழுக்கத் தொடங்கினால் கடைசிக் கல்லில் இருபது வீச்சு. அதிலும் தெளியாவிட்டால் 8000இலிருந்து மறுபடி. கீழே விழுந்து வாய் பொரிந்தாலோ, துரு வாயைத் தின்றாலோ தவிர, 1000 எண் கல்லுக்கு அந்தக் கத்தியைப் பல ஆண்டுகள் திரும்பக் கொண்டுபோக வேண்டியிராது.